ஒன்பதாவது டேக்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கு உறுதியில்லை. வேறு யாரும் இப்படிச் சொன்னால் பரவாயில்லை. நான் சொல்லக் கூடாது. பதினைந்து வருடம் சினிமாவில் கண்டினியூட்டி பார்த்தவன் நான். நேற்று எடுத்த காட்சியில் துண்டு எந்தத் தோளில் கிடந்தது, டம்ளரில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று நினைவில் வைத்திருந்து, இன்று எடுக்கும்போது அது மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. செட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள். "வேதா என்ன சொல்றான்?" என்று கேட்பார்கள். நான் சொன்னால் முடிந்தது.

அந்த வேலையை விட்ட பிறகு 'நிழலகம்' என்ற இணையத் திரைத்தளத்தில் சேர்ந்தேன். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்காக 'விருது பெற்றவை, தவறவிடக் கூடாதவை' என்று ஒரு வரிசை உண்டு. எந்தப் படங்கள் அதில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதுவது என் பொறுப்பு. தனியாக இருப்பவனுக்கு ஏற்ற வேலை. நாள் முழுவதும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அந்த வரிசையில் ஒவ்வொரு வருடமும் நான் விடாமல் வைத்த படம் ஒன்று உண்டு: 'பன்னிரண்டாவது பாத்தி'. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் எடுத்தது. இயக்குநர் அறவாழியின் முதல் படம். நான் அதில் கண்டினியூட்டி பார்த்த உதவியாளன். வெளிநாட்டுத் திரைவிழாவில் நடுவர் பரிசு வாங்கியது. பரிசுக் குறிப்பில் 'உழைக்கும் பெண்ணின் கலப்படமற்ற குரல்' என்று எழுதியிருந்தார்கள். உப்புப் பாத்தியின் நடுவில் நின்றுகொண்டு ஒரு பெண் முதலாளியைப் பார்த்துப் பேசும் காட்சியைத்தான் சொன்னார்கள். அதில் பேசியவள் நடிகை இல்லை. அங்கேயே உப்பு வாரிக்கொண்டிருந்தவள். படத்துக்கான என் நாலு வரியில் கடைசி வரி இப்படி இருக்கும்: 'அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை.'

போன வருடம் பங்குனியில் அந்த வரிக்குக் கீழே ஒரு குறிப்பு வந்தது. 'அவங்க எங்கம்மா. உங்களைப் பாக்கணும்.'

முகவரி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் வளசரவாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். பெயர் பெனிட்டா. பத்தொன்பது வயது. சென்னையில் லேப் டெக்னீஷியன் படிப்பு. காலணியை வாசலில் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள்.  

"ஒண்ணே ஒண்ணுதான் சார் கேக்கணும்" என்றாள் பிறகு. "அன்னைக்கு எங்கம்ம என்னையத் திரும்பிப் பாத்தாங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. படப்பிடிப்பு நடந்த அன்று அவளுக்கு இரண்டு வயது. வரப்பில் சாக்கைக் கட்டி நிழல் செய்து அவளை உட்கார வைத்திருந்தார்களாம். ஜெசிந்தா அடுத்த சில வாரங்களில் இறந்துபோனாள். வீட்டில் ஒரு கல்யாணப் போட்டோ, ஒரு ரேஷன் கார்டுப் படம். அம்மா அசைவதைப் பார்க்க இந்தப் படம் ஒன்றுதான். பதினைந்து வயதில் கையில் போன் வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் எல்லோரும் பார்க்கிற மாதிரிதான் இருந்ததாம். அம்மா பேசுவாள், குனிந்து உப்பு வாரும் பலகையை எடுப்பாள், அடுத்த காட்சி. ஒருநாள் குனிவதற்கு முன் சற்றே தலை திரும்பியது. இத்தனை நாள் தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். பிறகு அம்மா முழுதாகத் திரும்பினாள். பிறகு கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். கடைசியில், கூப்பிட்டாள்.

"பெனிம்மான்னு கூப்பிடுதாங்க சார். வீட்ல என்னைய அப்படித்தான் கூப்பிடுவாங்க."

ஓடிப்போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அப்பா சூசை உப்பு லாரி ஓட்டுகிறவர், மறுமணம் செய்துகொண்டவர். அவர் அவள் போனைத் தொடக்கூட இல்லை. தன் போனில் படத்தைப் போட்டார். அதில் ஜெசிந்தா திரும்பவே இல்லை.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்குன்னாக. ஊரே பாத்துச்சாம். நான் வெயில்ல கெடந்து கத்துனேனாம், எங்கம்ம கேமராவத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். சினிமா ஆசையில பிள்ளைய மறந்தவன்னு சொல்லுதாக. சின்னதுலேர்ந்து இதத்தான் சார் கேட்டு வளந்தேன்." சற்று நிறுத்தினாள். "நீங்க அங்க இருந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். உன் அம்மா உன்னைப் பார்த்தாளா என்பது நினைவில்லை என்றேன். ஆனால் காட்சி முடிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள், கையை ஆட்டினாள், நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், அந்தச் சிரிப்பை அறவாழி படத்திலேயே வைத்துவிட்டார் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு எனக்கு அத்தனை தெளிவாக இருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறியிருக்கும். எழுந்துபோய் டிவியில் என் கணக்கைத் திறந்து அந்த இடத்தைப் போட்டேன். ஜெசிந்தா பேசி முடித்தாள். பலகையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கையை ஆட்டினாள்.

பெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என் படத்துல இல்ல சார்" என்றாள்.

அவள் போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். பேச்சு முடியும்வரை இரண்டும் ஒன்றாகவே போயின. பிறகு டிவியில் ஜெசிந்தா சிரித்தாள். போனில் ஜெசிந்தா திரும்பி, "பெனிம்மா" என்றாள். பேச்சில் ஒலித்த அதே குரல்தான். போனின் மேல் மூலையில் கணக்கின் பெயர் தெரிந்தது. சித்தி வைத்துக் கொடுத்ததாம். பெனிம்மா என்றுதான் இருந்தது.

நான் அதை விரலால் காட்டினேன். அந்த அழைப்பு அங்கிருந்துதான் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்தபோது போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேவையில்லாமல் சொன்னேனோ என்று இன்றும் நினைப்பதுண்டு. அந்தக் குரல் அவள் அம்மாவுடையதே இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வசனம் மனதில் நிற்காதவர்களை, வாய் அசைந்தால் போதும் என்று எண்களைச் சொல்ல வைப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோபமாகவோ அழுகையாகவோ எண்ண வேண்டும். பிறகு சென்னையில் ஒரு டப்பிங் கலைஞர் அந்த வாயசைவுக்கு வசனம் பேசிவிடுவார். ஜெசிந்தாவும் அன்று எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். நடுவர்கள் பரிசு கொடுத்த குரல் ஒரு டப்பிங் அம்மாவுடையது.

"அப்ப எங்கம்ம குரல் எப்படி சார் இருக்கும்?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பதினேழு வருடம் கழித்தும் சொல்ல முடிகிற எனக்கு, அந்தக் குரல் வரவில்லை.

மறுநாள் கிண்டி அலுவலகத்துக்குப் போனேன். நிழலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஷாகுல் எனக்குப் பழக்கம். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"இணக்கப் பிரதி சார் அது, பாக்கறவங்களுக்கு ஏத்தபடி தானா மாறிக்கும். சேரும்போதே எல்லாரும் சம்மதம் குடுத்திருக்கீங்க, நீங்களுந்தான்" என்றார். "படத்த யாரும் கெடுக்கல. கடைசி வரைக்கும் பாக்க வைக்கிறோம், அவ்வளவுதான். உங்க விருதுப் பட லிஸ்ட்ட எல்லாரும் ஆசையா எடுத்து வெச்சுக்கறாங்க சார். பாக்கறதுதான் இல்ல. இருபதாவது நிமிஷத்துல எழுந்து போயிடறாங்க. இது வந்தப்பறம் உக்காந்து பாக்கறாங்க."

எப்படிச் செய்கிறது என்று கேட்டேன்.

"நீங்க எங்க நிறுத்தறீங்க, எங்க பின்னாடி போறீங்கன்னு பாக்கும். ஒருத்தர் ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா அங்க எதையோ தேடறார்னு அர்த்தம். அதுக்கேத்த மாதிரி அங்க ஏதாவது கொஞ்சம் வெச்சுப் பாக்கும். ஒத்து வரலன்னா எடுத்துட்டு வேற வெக்கும். தேடறது நின்னுடுச்சுன்னா அதையே அப்படியே வெச்சுடும்."

"அவங்க என்ன தேடறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது சார். நீங்கதான் சொல்லிக் குடுக்கறீங்க."

அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் நினைவுக்கு வந்தன. என் குறிப்புகளுக்குக் கீழே ஒருவர் கடைசி மழைக்காட்சியைப் புகழ்ந்து எழுதியிருப்பார். அந்தப் படத்தில் மழையே கிடையாது. வேறு படத்தோடு குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவேன். கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியர் ஒரு படத்தின் முடிவைப் பற்றித் தேர்வில் கேட்டாராம், நாற்பது மாணவர்கள் நாற்பது முடிவு எழுதினார்களாம், ஒருவரும் படம் பார்க்கவில்லை என்று சொல்லி எல்லோருக்கும் பூஜ்யம் போட்டாராம். அதை நகைச்சுவையாக என்னிடமே சொன்னார். யாரும் யாரோடும் உட்கார்ந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை. நல்ல படம் என்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மூலப் பிரதியைக் கேட்டேன். ஷாகுல் உதட்டைப் பிதுக்கினார். தயாரிப்பு நிறுவனம் மூடியபோது வாங்கி வைத்ததுதான், அதன்மேல் எத்தனையோ அடுக்கு ஏறிவிட்டது, எது முதலில் இருந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அப்படி யாரும் கேட்டதே இல்லையாம்.

பிறகு அவராகவே தன் மடிக்கணினியைத் திறந்து என் கணக்கைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பவில்லை.

"நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் அந்த ஒரு எடத்துக்கு மாசம் எட்டுத் தடவ, பத்துத் தடவ போயிருக்கீங்க சார். சிரிப்பு வந்ததுக்கப்பறம் ஒரு தடவகூடப் போகல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க என்ன சார் தேடுனீங்க?"

டீ ஆறிவிட்டது. நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

என் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் அந்தப் படத்தின் கண்டினியூட்டி நோட்டும், படத்தில் சேராத காட்சிகள் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அறவாழி நாட்டைவிட்டுப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவை. மூன்று வீடு மாறியிருக்கிறேன். மூன்று வீட்டிலும் பரணில்தான் இருந்தது. ஏன் திறக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்துதான். உப்புக் கறை பட்டுத் தாள் அலையலையாகக் காய்ந்திருந்தது. காட்சி 41. நேரம் 11.50 முதல் 2.35 வரை. டேக் 1 முதல் 8 வரை என்.ஜி., அதாவது ஆகாது. எதிரே காரணங்கள்: எண்ணிக்கை மறந்தது, மேகம், மைக் நிழல். டேக் 9 என்.ஜி. காரணம்: 'பார்வை விலகியது. ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தரப்பட்டது.' டேக் 14 ஓ.கே. சிரித்ததாக எங்கும் இல்லை. கைதட்டியதாக இல்லை. நான் எதையும் எழுதாமல் விடுகிறவன் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கை ரிச்சி தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் கடைக்காரர். காட்சி 41-ல் ஒன்பதாவது டேக் மட்டும் முழுதாக வந்தது. படப்பிடிப்பில் அப்படியே பதிவான ஒலியும் அதோடு இருந்தது. பிறகு டப்பிங் செய்வதற்காக வைக்கிற கரடான ஒலி அது. எங்கள் வழக்கில் பைலட் ட்ராக். படத்தில் ஒருபோதும் சேராது. அதனால் யாரும் அதைத் திருத்தவும் மாட்டார்கள்.

முதலில் நான் மட்டும் பார்த்திருக்கலாம். அடுத்த ஞாயிறுவரை காத்திருந்து அவளோடு சேர்ந்தே பார்த்தேன். தனியாகப் பார்த்தால் அவளுக்குக் காட்டியிருப்பேனா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கிளாப் அடித்த பிறகு வெள்ளை வெயில். நடுவில் ஜெசிந்தா. உதடு வெடித்திருந்தது. காற்று மைக்கில் மோதி இரைந்தது. அறவாழியின் குரல் தூரத்தில் ஆரம்பிக்கச் சொன்னது.

"ஒண்ணு" என்றாள் ஜெசிந்தா.

கட்டையான குரல். தொண்டை வறண்டு கரகரத்தது. பெனிட்டாவின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ரெண்டு. மூணு. நாலு." கோபமாக எண்ணச் சொல்லியிருந்தோம். கோபம் இருந்தது. "அஞ்சு. ஆறு. ஏழு."

ஏழில் நின்றாள். இடது பக்கம், படச் சட்டத்துக்கு வெளியே எங்கோ ஒரு குழந்தை அழுதது. ஜெசிந்தா திரும்பினாள். முழு உடம்போடு திரும்பினாள்.

"பிள்ளைக்கு வெயில் படுது" என்றாள். "சாக்கு சரிஞ்சிட்டு. யாராவது தூக்குங்களேன்."

யாரும் அசைந்த சத்தம் இல்லை. கேமராவுக்கு மிகப் பக்கத்தில், அதனால் மிகத் தெளிவாக, ஓர் இளைஞனின் குரல் கேட்டது. பொறுமையான குரல். கெட்ட குரல் என்று சொல்ல முடியாது.

"அந்தப் பக்கம் பாக்காதம்மா. எண்ணும்மா. ஒண்ணுலேர்ந்து எண்ணு."

அவள் கேமராவைப் பார்த்தாள். கேமராவை இல்லை, அதன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள். பிறகு கால் மடிந்து பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். படம் அங்கே அறுந்தது.

 கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டே போனான்.

"பாத்திருக்காங்க" என்றாள்.

"ஆமா."

"பெனிம்மான்னு சொல்லல. பிள்ளைன்னு சொல்லுதாங்க." அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பிள்ளைக்கு வெயில் படுது."

பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவின் கண்தான். அதை நான் அதுவரை கவனிக்கவில்லை.

"அந்தக் குரல் நீங்கதான சார்?"

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அதுக்கப்புறம் என்னையத் தூக்குனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவள் தலையசைத்தாள். தன் போனில் அந்த ஒன்பதாவது டேக்கைப் பதிந்துகொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழலகம் கணக்கை அழித்தாள். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அந்த அழைப்பைக் கேட்பாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு, வர்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாதமே வரிசை எழுதும் வேலையை விட்டேன். கணக்கை மூடவில்லை. ஒன்பதாவது டேக்கின் நகல் என்னிடம் இருந்தும், நிழலகத்தில்தான் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். சிரிப்பு இரண்டு வாரத்தில் மறைந்தது. பிறகு ஜெசிந்தா உட்கார ஆரம்பித்தாள். சித்திரை முடிவதற்குள், அவள் உட்கார்ந்ததும் ஓரத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான். ஒரு கையில் தண்ணீர்க் குடம். இன்னொரு கையில், தோளோடு அணைத்தபடி ஒரு குழந்தை. அவனுக்கு முப்பது வயது இருக்கும். முகம் என் முகம். என் கணக்கில் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'தண்ணீர் தரப்பட்டது' என்று இருக்கிறது. யார் தந்தார்கள் என்று இல்லை. டிஸ்க்கில் படம் அதற்கு முன்பே அறுந்துவிடுகிறது. நானாகவும் இருக்கலாம். அப்படி இருந்திருந்தால் நான் அதை மறந்திருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

இப்போது நிலைமை இது. பெனிட்டா படிப்பை முடித்து நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சூசை மகளின் போனில் ஒன்பதாவது டேக்கை இரண்டு முறை பார்த்தாராம், பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அறவாழி வெளிநாட்டில் விளம்பரப் படம் எடுக்கிறார். டப்பிங் பேசிய அம்மா காலமாகிவிட்டார். ஷாகுல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். 'பன்னிரண்டாவது பாத்தி' இன்னும் அந்த வரிசையில் இருக்கிறது. நாலு வரியை இப்போது வேறு யாரோ எழுதுகிறார்கள். நான் அந்த இடத்துக்குத் திரும்பப் போவதை நிறுத்திவிட்டேன், அதனால் ஓடி வருகிறவன் அங்கேயே இருக்கிறான். ஜெசிந்தா படப்பிடிப்பு முடிந்த பத்தொன்பதாம் நாள் அரசு மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாள். அந்த ஒரு நாள் வெயிலால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. அவளுக்கு வயது இருபத்திநான்கு.